குட்டி டிராகனுக்கும் இடமுண்டு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்களிடையே ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆதியில் மனிதர், எல்ஃப், குள்ளர், ஹாபிட் ஆகிய நான்கு இனத்தாரே நாயகர்களாக இருந்தார்கள். பல்லி முகத்தவர், கொம்பு முளைத்தவர், முதுகில் ஆமை ஓடு சுமந்தவர் எல்லாம் அண்மைக்கால வணிகம் கொண்டுவந்து சேர்த்தவர்கள். மரபை மதிக்கிறவர் அவர்களை மேசையில் அனுமதிக்கக் கூடாது என்பது அந்த நம்பிக்கை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் உலகத்தையும் அதில் நடப்பதையும் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் இந்த ஆட்டம் ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அதன் பழைய விதிநூல்களை வரிசையாக வைத்துப் படித்தால் மரபின் பெயரால் சொல்லப்படும் இந்த வாதம் நிற்கவில்லை. கதவு முதலில் திறந்தே இருந்தது. அதைச் சாத்தியது பின்னால் வந்த நூல். சாத்தியதற்கு அந்தக் காலத்துக்கே உரிய காரணங்களும் இருந்தன.

1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய மூன்று மெல்லிய புத்தகங்கள் ஒரே பெட்டியில் விற்பனைக்கு வந்தன. பாத்திரம் உருவாக்கும் விதிகள் 'மென் அண்ட் மேஜிக்' என்ற முதல் புத்தகத்தில் இருக்கின்றன. குள்ளர் போர்வீரராக மட்டுமே இருக்கலாம், லெவல் எனப்படும் வளர்ச்சிப் படிகளில் ஆறாவதைத் தாண்ட முடியாது. ஹாபிட்டுக்கு நான்காம் லெவலோடு சரி. எல்ஃப் போர்வீரராக நான்கு வரையும் மந்திரவாதியாக எட்டு வரையும் ஏறலாம். மனிதருக்கு மட்டும் உச்சவரம்பு இல்லை. இதோடு புத்தகத்தை மூடிவிட்டால் மேற்சொன்ன நம்பிக்கை சரியென்றே தோன்றும். ஆனால் ஹாபிட்டுக்கு அடுத்தே ஒரு சிறு பத்தி வருகிறது. ஆட்டக்காரர் ஏறக்குறைய எந்த உயிராகவும் ஆடலாம், அதற்குத் தடையேதும் இல்லை என்கிறது அது. நிபந்தனை ஒன்றுதான்: பலமில்லாத நிலையில் தொடங்கிப் படிப்படியாக மேலேற வேண்டும். டிராகனாக இருக்க ஆசைப்படுகிறவர் குட்டி டிராகனாகத் தொடங்கட்டும், வளர்ச்சியின் படிகளை ஆட்டத்தை நடத்துபவர் முன்கூட்டியே வகுத்து வைக்கட்டும் என்று அந்தப் பத்தியே உதாரணமும் காட்டுகிறது. இந்த நிபந்தனை பாத்திரத்தின் தோற்றத்தைப் பற்றிப் பேசவில்லை, பிறப்பைப் பற்றியும் பேசவில்லை. பலத்தைப் பற்றியும், நடத்துபவர் செய்ய வேண்டிய முன்னேற்பாட்டைப் பற்றியும் மட்டுமே பேசுகிறது. பின்வந்த ஐம்பது ஆண்டுச் சர்ச்சையில் இத்தனை தெளிவாக யாரும் இதைச் சொல்லவில்லை என்பது என் கருத்து.

ஏதோ போகிறபோக்கில் எழுதப்பட்ட பத்தி, யாரும் அப்படி ஆடியிருக்க மாட்டார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது. புத்தகம் அச்சாவதற்கு முன்பே ஆர்னசன் மினசோட்டாவின் இரட்டை நகரங்களில் பிளாக்மூர் என்ற தன் உலகத்தில் ஆட்டம் நடத்திவந்தார். அதில் ஓர் ஆட்டக்காரரின் பாத்திரம் இரத்தக்காட்டேரியாக மாறி, சர் ஃபேங் என்ற பெயரில் யாராலும் அசைக்க முடியாத பலத்துக்கு வளர்ந்தது. ஆர்னசன் அந்தப் பாத்திரத்துக்குத் தடை போடவில்லை. அதை எதிர்த்து நிற்கத்தக்க ஒருவர் ஆட்டத்துக்குள் வந்தார்: பழைய திகில் படங்களில் சிலுவையோடு காட்டேரியைத் துரத்தும் வேட்டைக்காரரின் சாயலில் அமைந்த பூசாரி. அவர்தான் கிளெரிக். 1974 புத்தகத்தில் இருக்கும் வகுப்புகளே மூன்றுதான்: போர்வீரர், மந்திரவாதி, கிளெரிக். இன்று ஆட்டத்தின் தூணாகக் கருதப்படும் ஒரு வகுப்பு பிறந்ததே, வழக்கத்துக்கு மாறான ஒரு பாத்திரத்தை மேசை ஏற்றுக்கொண்டதால்தான். ஹாபிட் என்ற பெயரோ, நாவலாசிரியர் டோல்கீனின் படைப்புகளுக்கு உரிமை கொண்டவர்கள் ஆட்சேபித்ததால் சில ஆண்டுகளிலேயே ஹாஃப்லிங் என்று மாற்ற வேண்டியதாயிற்று. மரபு என்று காட்டப்படும் நான்கு இனங்களின் பட்டியல் பெருமளவுக்கு அவரிடம் வாங்கிய கடன் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

கதவு சாத்தப்பட்டது 1978, 1979 ஆண்டுகளில். கைகாக்ஸ் அப்போது அட்வான்ஸ்ட் பதிப்பை எழுதிக்கொண்டிருந்தார். ஊருக்கு ஊர், மேசைக்கு மேசை விதிகள் மாறிக் கிடந்த நிலையை ஒழுங்குபடுத்தி, எங்கே போய் உட்கார்ந்தாலும் ஒரே ஆட்டமாக இருக்கச் செய்வது அவர் நோக்கம். போட்டிகள் நடத்த அது தேவையாகவும் இருந்தது. 1978இன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் ஏழு இனங்களைப் பட்டியலிட்டது; அவற்றில், அரக்கராகக் கருதப்படும் ஆர்க்கின் கலப்பான அரை ஆர்க்கும் ஒன்று. மறு ஆண்டு வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட், அரக்கர்களைப் பாத்திரமாக ஏற்பது பற்றித் தனிப்பகுதியே ஒதுக்கி, வேண்டாம் என்று வாதாடியது. அப்படிக் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் பலத்துக்காகவே கேட்கிறார்கள், இந்த ஆட்டத்தின் உலகம் மனிதரை மையமாக வைத்தது, மனிதரல்லாத ஒரு பார்வையிலிருந்து முழு உலகத்தை எழுப்ப எந்த நடத்துநராலும் ஆகாது என்பன கைகாக்ஸின் காரணங்கள். அவை மதிப்புக்குரியவை. ஆனால் ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே கை வேறு விடை எழுதியிருந்தது. மற்ற நிறுவனங்களும் அவர் வழியில் போகவில்லை. டன்னல்ஸ் அண்ட் டிரோல்ஸ் எழுதிய கென் செயின்ட் ஆண்ட்ரேயின் 'மான்ஸ்டர்ஸ்! மான்ஸ்டர்ஸ்!' 1976இல் அரக்கர்களையே நாயகர்களாக்கி ஊரைத் தாக்க அனுப்பியது. 1978இல் வந்த ரூன்குவெஸ்டின் குளோராந்தா உலகத்தில் வாள் ஏந்திய வாத்துகள்கூடப் பாத்திரங்களாகலாம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனமே தன் தடையை நெடுநாள் காக்க முடியவில்லை. டிரவ் எனப்படும் பாதாள எல்ஃப்கள் 1978இல் எதிரிகளாக அறிமுகமானவர்கள். 1985இல் 'அன்எர்த்ட் ஆர்கேனா' அவர்களை ஆட்டக்காரர்களுக்குத் திறந்துவிட்டது. இரண்டு கையிலும் ஆயுதம் ஏந்தித் தடுமாறாமல் சண்டையிடும் திறமை அவர்களுக்கு உண்டு, பிரகாசமான வெளிச்சத்தில் அவர்கள் தடுமாறுவார்கள் என்று விதி வரம், குறை இரண்டையும் சேர்த்தே கொடுத்தது. எழுதியவர் கைகாக்ஸேதான். 1988இல் ஆர். ஏ. சால்வடோரின் நாவலில் டிரிஸ்ட் என்ற டிரவ் வீரன் தோன்றி, தன் குலத்தின் கொடுமையை வெறுத்து வெளியேறிய அவனை வாசகர்கள் கொண்டாடிய பிறகு, டிரவ் பாத்திரம் கேட்காத மேசை அபூர்வமாயிற்று. அதே 1988இல் 'தி ஆர்க்ஸ் ஆஃப் தார்' என்ற நூல் ஆர்க், கோப்ளின் கூட்டத்தாரை ஆட விரும்புகிறவர்களுக்கு விதிகள் தந்தது. 1989இன் இரண்டாம் பதிப்பு மறுபடி இறுக்கியது. ஆட்டம் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று சமயக் குழுக்களும் பெற்றோரும் எழுப்பிய கூச்சலுக்கு அஞ்சிப் பேய், பிசாசு என்னும் சொற்களை ஒதுக்கிய பதிப்பு அது. அரை ஆர்க்கும் அதிலிருந்து நீங்கினார். நான்கே ஆண்டுகளில், 1993இல், கோப்ளின், சென்டார், மினோட்டார், பல்லி மனிதர் என ஒரு பெரும் கூட்டத்துக்கே விதி வகுத்த 'தி கம்ப்ளீட் புக் ஆஃப் ஹ்யூமனாய்ட்ஸ்' அதே நிறுவனத்திலிருந்து வந்தது. சாத்துவதும் திறப்பதும் மாறிமாறி நடந்திருக்கின்றன. இதில் ஏதேனும் ஒரு நிலையை மட்டும் எடுத்து மரபு என்பது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது.

ஆனாலும் எதிர்வாதங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முதலாவது, பலத்தின் சமநிலை. பறக்கத் தெரிந்த ஒருவரும், எருமை பலம் கொண்ட ஒருவரும், சாதாரண மனிதர் ஒருவரும் ஒரே குழுவில் இருந்தால் மூன்றாமவர் வேடிக்கை பார்ப்பவராகிவிடுவார் என்கிறார்கள். இது உண்மையான சிக்கல். ஆட்டத்தின் வரலாறு இதற்குச் சொன்ன விடைகளில் இரண்டு தோற்றன. லெவல் உச்சவரம்பு, தொடக்கத்தில் எல்ஃபுக்குக் கிடைக்கும் அனுகூலத்தைத் தொடவே இல்லை. பல மாதங்கள் ஆடிய பிறகு அவரை முடக்கிப்போட்டது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அந்த வரம்பை எடுத்துவிட்டு, லெவல் அட்ஜஸ்ட்மென்ட் என்ற கணக்கைக் கொண்டுவந்தது. அதன்படி மினோட்டார் ஒருவர் எந்த வகுப்பும் கற்காத நிலையிலேயே எட்டாம் லெவல் பாத்திரத்துக்குச் சமம். அவர் மந்திரவாதியாகத் தொடங்கினால், கூட இருக்கும் மனித மந்திரவாதி எட்டுப் படி முன்னால் நிற்பார். மூன்றாவது விடை 2003இல் 'சாவேஜ் ஸ்பீஷிஸ்' நூலில் வந்தது: மினோட்டாரின் பலத்தையே எட்டுப் படிகளாகப் பிரித்து, முதல் லெவலில் இளம் மினோட்டாராகத் தொடங்கி வளரவிடுவது. குறைகள் உண்டென்றாலும் மூன்றில் நேர்மையானது இதுதான். 1974இன் அந்தச் சிறு பத்தி சொன்னதும் இதையேதான். பிற்காலப் பதிப்புகள் இனங்களின் திறமைகளைத் தொடக்கத்திலேயே அளவோடு வைத்துக்கொண்டு இதே வழியைச் சுருக்கமாகச் செய்கின்றன.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கனமானது. குழுவில் பூனை முகத்தவர், ஆமையோட்டவர், இயந்திர உடலினர் எல்லாம் சேர்ந்து ஒரு கிராமத்துக்குள் நுழைந்தால், கிராமத்தார் வியக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை என்றால், அந்த உலகத்தில் எதற்கும் பொருள் இல்லாமல் போகிறது. இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் இது இனத்தின் மேலான குற்றச்சாட்டு ஆகாது, உலகத்தைக் கட்டியவரின் கவனக்குறைவின் மேலானது. 1991இன் டார்க் சன் உலகத்தைப் பாருங்கள். வறண்ட பாலையில், கும்பிடுபூச்சியின் வடிவில் நான்கு கைகளோடு நடக்கும் த்ரி-க்ரீன் இனத்தாரை அது நாயகர்களாக ஏற்றது. அதே உலகத்தில் நோம்கள் இல்லை, ஆர்க்குகள் இல்லை. அவர்கள் அழித்தொழிக்கப்பட்டதே அந்த உலகத்தின் வரலாறு. டிராகன்லான்ஸ் உலகத்திலும் ஆர்க் கிடையாது. கீத் பேக்கர் உருவாக்கி 2004இல் வெளிவந்த எபெரான், நூறாண்டுப் போருக்காகச் செய்யப்பட்டு, போர் முடிந்தபின் விடுதலை பெற்ற உலோக வீரர்களான வார்ஃபோர்ஜ்டுகளைக் கொண்டது. அந்தப் போரின் காயம் அவர்கள் இல்லாமல் சொல்லப்படவே முடியாது. இந்த உலகங்கள் ஒவ்வொன்றும் சிலரைச் சேர்த்தன, சிலரை விலக்கின. சேர்த்ததற்கும் விலக்கியதற்கும் கதைக்குள்ளேயே காரணம் இருந்தது. எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை என்பது அப்படிப்பட்ட காரணமாகாது.

கொம்பை ஒட்டிக்கொண்ட மனிதரையே எல்லோரும் ஆடுகிறார்கள், வேற்றினத்தின் மனதை யாரும் ஆடுவதில்லை என்று மூன்றாவதாக ஒரு குறை சொல்வதுண்டு. அது எல்ஃபுக்கும் குள்ளருக்கும் அதே அளவு பொருந்தும் என்பதே போதுமான பதில். அதோடு, மனிதரல்லாதவரின் மனதைக் கதையில் நிறுத்துவது நமக்கு ஒன்றும் புதிதல்ல. அனுமனும் வீடணனும் இல்லாத இராம கதையைத் தமிழ் வாசகர் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார். இந்த ஆட்டமும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறது. ராட்சசர் 1975இலேயே, புலித்தலை உருவத்துக்குப் பேர்போன எதிரிகளாக, அதற்குள் வந்துவிட்டார்கள். வானரர் 2001இன் ஓரியன்டல் அட்வென்ச்சர்ஸ் நூலில் ஆட்டக்காரர் ஏற்கத்தக்க இனமாக வந்தார்கள். ராட்சசரின் தலை எப்படிப் புலித்தலை ஆயிற்று என்று வீடணனை அறிந்த எவருக்கும் வருத்தமாகத்தான் இருக்கும்.

இன்றைய நிலை இதுதான். 2008இன் நான்காம் பதிப்பு டிராகன் உருவத்து டிராகன்பார்னையும் கொம்பு முளைத்த டீஃப்லிங்கையும் முதன்மை நூலுக்குள் கொண்டுவந்து, நோமையும் அரை ஆர்க்கையும் அதிலிருந்து எடுத்தது. அவர்கள் மறு ஆண்டு இரண்டாம் நூலில் திரும்பினார்கள். 2014இன் ஐந்தாம் பதிப்பு அந்த நால்வரையும் அரை எல்ஃபையும் சேர்த்து, எல்லா உலகங்களிலும் காணப்படாத அரிய இனங்கள் என்ற குறிப்போடு அச்சிட்டு, முடிவை நடத்துபவர் கையில் விட்டது. அந்தக் குறிப்பு நல்ல ஏற்பாடு என்பேன். 2016இல் ஆர்க் பாத்திரமாக ஏற்கப்பட்டபோது அறிவில் இரண்டு மதிப்பெண் கழிக்கும் விதி இருந்தது; 2020இல் அது நீக்கப்பட்டது. பிறப்பிலேயே அறிவுக்குறைவு என்று ஓர் இனத்தின் மேல் எழுதிவைப்பதை நீக்கியது சரியான செயல். 2024இன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் இருக்கும் பத்து இனங்களில் ஆர்க்கும் ஒன்று. ஆட்டம் நடத்துகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: யாராவது பட்டியலில் இல்லாத ஓர் உயிராக ஆட விரும்பினால், உங்கள் உலகத்தில் அவர் எங்கே பிறந்தார், யார் அவரை வளர்த்தார்கள், முதல் லெவலில் அவரால் எதெல்லாம் முடியாது என்ற மூன்றையும் அவரோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். விடை எழுத முடிந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் மறுத்துவிடுங்கள், காரணத்தையும் சொல்லிவிடுங்கள்.