தனி உறுப்பினர் நேரமும் ‘தமிழ்நாடு’ பெயர்மாற்றமும் (1956–1969)

ஆய்வுச் சுருக்கம்

அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தீர்மானங்களுக்கும் சட்டமுன்வடிவுகளுக்கும் அவைகள் நேரம் ஒதுக்கும் முறையை, சென்னை மாநிலம் ‘தமிழ்நாடு’ எனப் பெயர் பெற்ற வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. தனி உறுப்பினர் நேரத்தில் எழுந்த கோரிக்கை வாக்கெடுப்பில் தோற்றாலும், அரசைப் பதில் கூறவைத்துப் பின்னாளைய வெற்றிக்கு வழிவகுத்தது என்பதே இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தனி உறுப்பினர் தீர்மானம், சட்டமன்ற நடைமுறை, மாநிலங்களவை, பெயர்மாற்றம், ஆய்க்குடி.

முன்னுரை

இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள ஆய்க்குடி, 1956ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூர் – கொச்சி மாநிலத்தின் செங்கோட்டைப் பகுதியைச் சேர்ந்திருந்தது. மாநில மறுசீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1956 நவம்பர் 1 அன்று அது சென்னை மாநிலத்தின் திருநெல்வேலி மாவட்டத்தோடு இணைந்தது. அதே நாளில், ஆய்க்குடி மக்கள் விட்டுவந்த நிலப்பரப்பு ‘கேரளம்’ என்று தன் மொழிவழிப் பெயரைப் பெற்றது. அவர்கள் வந்து சேர்ந்த மாநிலமோ தன் தலைநகரின் பெயரையே சுமந்திருந்தது. இவ்விணைப்புக்காக மார்ஷல் நேசமணி முதலியோர் தலைமையில் போராடிய கட்சியின் பெயர் ‘திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்’. சென்னையில் ஆட்சி செய்த கட்சியின் மாநில அமைப்பும் ‘தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி’ என்றே வழங்கியது. கட்சிகளின் பெயரில் இடம்பெற்ற ‘தமிழ்நாடு’ மாநிலத்தின் பெயராவதற்கு மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

இக்கால இடைவெளியைக் கட்சி அரசியலின் வழியாக விளக்குவதே வழக்கம். இக்கட்டுரை அதனோடு அவை நடைமுறையையும் சேர்த்து நோக்குகிறது. இக்கோரிக்கை எந்த அவையில், யாரால், யாருடைய நேரத்தில் முன்வைக்கப்பட்டது என்பது இங்கு எழும் வினா.

அவையின் நேரப் பங்கீடு

நாடாளுமன்றத்தில் அமைச்சர் அல்லாத உறுப்பினர் ஒவ்வொருவரும், அவர் ஆளுங்கட்சியினராயினும் எதிர்க்கட்சியினராயினும், ‘தனி உறுப்பினர்’ ஆவார். அவர் கொண்டுவருவதை நாளிதழ்கள் ‘தனிநபர் மசோதா’ என்றும் ‘தனிநபர் தீர்மானம்’ என்றும் குறிக்கின்றன. அவையின் நேரத்தில் மிகப் பெரும்பகுதி அரசுப் பணிக்கு உரியது. மக்களவை விதிகளின்படி வெள்ளிக்கிழமை அமர்வின் இறுதி இரண்டரை மணிநேரம் தனி உறுப்பினர் பணிக்கு ஒதுக்கப்படுகிறது. மாநிலங்களவையிலும் வெள்ளிக்கிழமையே இதற்குரிய நாள். ஒரு வெள்ளியில் சட்டமுன்வடிவுகளும் மறு வெள்ளியில் தீர்மானங்களும் எடுத்துக்கொள்ளப்படுவது வழக்கம். ஆகவே நான்கு வெள்ளிகள் கொண்ட ஒரு கூட்டத்தொடரில் தீர்மானங்களுக்குக் கிடைப்பது இரண்டு அமர்வுகள், அதாவது ஐந்து மணிநேரம் மட்டுமே.

இச்சிறு நேரத்துக்கும் போட்டி மிகுதி. எனவே, குடவோலையை நினைவூட்டும் வகையில், சீட்டுக் குலுக்கலால் முன்னுரிமை தீர்மானிக்கப்படுகிறது. மக்களவையில் தீர்மானம் கொண்டுவர விரும்புவோரின் பெயர்கள் குலுக்கப்பட்டு, முதல் மூன்று இடம் பெறுவோர் ஆளுக்கு ஒரு தீர்மானத்துக்கு அறிவிப்புத் தரலாம். 1953இல் அமைக்கப்பட்ட தனி உறுப்பினர் சட்டமுன்வடிவுகள், தீர்மானங்கள் குழு விவாத நேரத்தைப் பரிந்துரைக்கிறது. துணைத்தலைவர் இதற்குத் தலைமை வகிப்பது மரபு.

இடம் கிடைத்த பின்னரும் தடைகள் உண்டு. வெள்ளி பிற்பகலில் உறுப்பினர் பலர் தொகுதிக்குப் புறப்பட்டுவிடுவதால் அவையில் வருகை குறையும். அரசியலமைப்பு கோரும் குறைவெண் மொத்த உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் இல்லையெனில் அவை தொடர இயலாது. விவாதம் நிறைவுற்றாலும் அமைச்சரின் பதிலுக்குப் பின் உறுப்பினர் தம் தீர்மானத்தைத் திரும்பப் பெறுவதே பெரும்பாலும் நிகழ்கிறது. விடுதலைக்குப் பின் 14 தனி உறுப்பினர் சட்டமுன்வடிவுகளே சட்டமாகியுள்ளன. அவற்றுள் இறுதியானது 1970இல் நிறைவேறியது.

பெயர்மாற்றக் கோரிக்கையின் பாதை

மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 3ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்கு அளிக்கிறது. ஆதலால் சென்னைச் சட்டமன்றம் நிறைவேற்றும் எத்தீர்மானமும் வேண்டுகோளாகவே அமையும். இதனை மனங்கொண்டே பின்வரும் நிகழ்வுகளைக் காண வேண்டும்.

பெயர்மாற்றம் உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து விருதுநகரில் உண்ணாநோன்பிருந்த தியாகி சங்கரலிங்கனார் 1956 அக்டோபரில் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் 15 உறுப்பினர்களுடன் முதன்முறையாகச் சட்டமன்றத்தில் நுழைந்தது. 1957இல் அக்கட்சியினர் கொண்டுவந்த பெயர்மாற்றத் தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது.

1961இல் பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் உறுப்பினர் சின்னத்துரை அதே கோரிக்கையை மீண்டும் தீர்மானமாகக் கொண்டுவந்தார். அரசு அதனை முழுமையாக ஏற்கவில்லை. ஆயினும் முன்புபோல் மறுத்து ஒதுக்கவும் இல்லை. தமிழில் ‘தமிழ்நாடு’ என்றும் ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ்’ என்றும் வழங்கலாம் என்ற நிலைக்கு அவ்வாண்டிலேயே இறங்கி வந்தது.

மாநிலங்களவையில் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர் பூபேஷ் குப்தா, பெயர்மாற்றத்துக்கான தனி உறுப்பினர் சட்டமுன்வடிவைக் கொண்டுவந்தார். 1963இல் நடந்த அதன் விவாதத்தில் அன்றைய உறுப்பினர் அண்ணாதுரை ஆதரித்துப் பேசினார். பெயரை மாற்றுவதால் என்ன பயன் என்ற வினாவுக்கு, மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் இந்திப் பெயர் சூட்டியதால் என்ன பயன் என்று அவர் எதிர்வினா எழுப்பினார். சட்டமுன்வடிவு தோற்றது. தமிழர் அல்லாத ஓர் உறுப்பினர் தம் பங்கு நேரத்தை இதற்கு அளித்தமையால், ஒரு மாநிலத்தின் கோரிக்கை இந்திய அளவிலான விவாதமாயிற்று.

1967 மார்ச்சில் அண்ணாதுரை முதலமைச்சரானார். அவ்வாண்டு ஜூலை 18 அன்று அவர் முன்மொழிந்த தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 1968இல் நாடாளுமன்றம் பெயர்மாற்றச் சட்டத்தை இயற்றியது. 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில் அது நடைமுறைக்கு வந்தது.

ஒப்பீடும் மறுப்பும்

1957இலும் 1967இலும் சட்டமன்றத்தின் முன் நின்ற கோரிக்கை ஒன்றே. அதன் சட்ட வலிமையும் வேண்டுகோள் என்ற அளவிலேயே நின்றது. முன்மொழிந்தவரின் இருக்கை மட்டுமே மாறியிருந்தது. அவ்வாறாயின் வெற்றிக்குக் காரணம் தேர்தல் பெரும்பான்மைதானே. தனி உறுப்பினர் நேரத்துக்கு இதில் என்ன பங்கு என்ற மறுப்பு எழலாம். பெரும்பான்மையின்றிப் பெயர் மாறியிராது என்பது உண்மை. எனினும் இரு செய்திகள் கருதத்தக்கன. 1961இல் ஆட்சி மாறவில்லை; ஆயினும் அரசின் நிலைப்பாடு மாறியது. அதற்கு உடனடி வாய்ப்பை ஏற்படுத்தியது ஒரு தனி உறுப்பினரின் தீர்மானமே. மேலும், 1967இல் எதிர்க்கட்சியாயிருந்த காங்கிரசும் தீர்மானத்தை எதிர்க்கவில்லை. பத்தாண்டுகளாக அவைக்குறிப்பில் பதிவாகிவந்த வாதங்களும் விடைகளும் அந்த ஒருமனதுக்குக் களம் அமைத்தன எனக் கொள்வது பொருந்தும்.

அண்மைக்காலச் சான்றொன்று இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. திருநங்கையர் உள்ளிட்ட மாற்றுப்பாலினத்தவர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த சட்டமுன்வடிவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24 அன்று நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளாக எந்தத் தனி உறுப்பினர் சட்டமுன்வடிவுக்கும் கிட்டாத வெற்றி அது. ஆனால் மக்களவையில் அது நிறைவேறவில்லை. அரசு தன் சட்டமுன்வடிவைக் கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. சிவாவின் வரைவில் இருந்த இட ஒதுக்கீடு அச்சட்டத்தில் இடம்பெறவில்லை. பெயர்மாற்றத்தில் கோரியது கோரியவாறே கிடைத்தது. இங்கோ கோரிக்கை அரசின் கைக்கு மாறியபோது அதன் ஒரு பகுதி கழன்றது. தனி உறுப்பினர் நேரம் அரசைப் பேசவைக்க வல்லது. அரசு இறுதியில் எதைத் தரும் என்பதை உறுதிசெய்ய வல்லதன்று.

முடிவுரை

தனி உறுப்பினர் தீர்மானங்களை வாக்கெண்ணிக்கையால் மட்டும் மதிப்பிட்டால் 1957, 1961, 1963 ஆகிய மூன்று முயற்சிகளும் தோல்விகளே. அவைக்குறிப்புகளின் தொடர்ச்சியில் வைத்துக் காணின் அவை 1967க்கான படிகள். 2021இல் தமிழ்நாடு அரசு ஜூலை 18ஐத் தமிழ்நாடு நாளாக அறிவித்தது. அது அரசின் தீர்மானம் நிறைவேறிய நாள். சிறுபான்மையாய் நின்று இப்பெயரை அவையில் உச்சரித்த உறுப்பினர்களின் நாள்கள் அத்தகைய நினைவைப் பெறவில்லை. இரண்டரை மணிநேரமாகச் சுருங்கிய வெள்ளிப் பிற்பகல், அமளியாலும் ஒத்திவைப்பாலும் மேலும் சுருங்கும்போது இழக்கப்படுவது இத்தகைய முதற்படிகளே. ஆய்க்குடி போன்ற எல்லையூர்கள் தாம் சேர்ந்த மாநிலத்தைத் தம் மொழியின் பெயரால் அழைக்கும் உரிமையைப் பெற்ற வரலாற்றில், அந்தச் சிறு நேரத்துக்கும் உரிய இடம் உண்டு.