லாடக்காரன் ஏறாத கப்பல்

கிழக்குக் கடற்கரைச் சாலையில பாண்டிச்சேரி போனவங்க யாரும் மரக்காணத்தைக் கவனிக்காம போயிருக்க முடியாது. பாத்தி பாத்தியா உப்பளம், வெயில்ல கண்ணு கூசற மாதிரி வெள்ளைக் குவியல்கள். சிறுபாணாற்றுப்படை சொல்ற எயிற்பட்டினம் இந்த ஊர்தான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அந்தப் பாட்டுல ஒரு அழகான இடம் வரும். அலை கொண்டு வந்து ஒதுக்கின அகில் கட்டையைப் பார்த்துட்டு, ஒட்டகம் படுத்துத் தூங்குற மாதிரி இருக்குன்னு புலவர் எழுதியிருப்பார். பரதவர் வாழ்ற ஊர்ல ஒட்டகம் எங்கே வந்தது? இந்தக் கரைக்கு வெளியூர் மிருகங்களோட பரிச்சயம் இருந்திருக்கு, அவ்வளவுதான். பெரும்பாணாற்றுப்படை இன்னும் நேராவே சொல்லுது. நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்துல கப்பல்ல வந்த வெள்ளைக் குதிரைகள் இறங்கினதாம். நீர்ப்பெயற்று மாமல்லபுரம் பக்கம்னு சொல்றவங்க உண்டு. அப்படிப் பார்த்தா மரக்காணத்துக்குக் கொஞ்சம் வடக்கே, இதே கடல்தான்.

குதிரை வந்தது சரி. அதைக் கையாளத் தெரிஞ்ச ஆள் கூட வந்தானா? இந்தப் பதிவே அதைப் பத்திதான்.

ஆயிரம் வருஷத்துக்கு மேல தாண்டி 1290-களுக்கு வருவோம். மார்க்கோ போலோ சோழமண்டலக் கரையைப் பத்தி எழுதும்போது தலையில அடிச்சுக்கிற தொனி தெரியும். பாண்டிய அரசர் ஒருத்தர் மட்டும் வருஷத்துக்கு 2000 குதிரைக்கு மேல வாங்குறார், அவர் சகோதரர்களும் அதே மாதிரி வாங்குறாங்க, வருஷக் கடைசியில நூறு கூட மிஞ்சறதில்லைன்னு சொல்றார். காரணம்? பராமரிக்கத் தெரியலை, வைத்தியம் பார்த்து லாடம் அடிக்கிற ஆள் இல்லை. அப்படிப்பட்ட ஆளை வியாபாரிங்க கூட்டிட்டு வர்றதும் இல்லை, வேற யாரையும் வர விடறதும் இல்லை. குதிரை செத்தாத்தானே அடுத்த வருஷமும் விக்க முடியும்! சாஃப்ட்வேரை வித்துட்டு டாகுமெண்டேஷன் கொடுக்காம போற வெண்டரைப் பார்த்தவங்களுக்கு இது புதுசில்லை. நாமெல்லாம் ஆபீஸ்ல ஆணி பிடுங்கறோம், பாண்டிய நாட்டுல நிஜமா ஆணி அடிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் பஞ்சம் :-)

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்துல எழுதினது இன்னும் சுவாரசியம். கீஷ் தீவிலிருந்து வருஷத்துக்கு 1400 குதிரை அனுப்ப ஒப்பந்தம், ஒரு குதிரை 220 பொன் தினார். வழியில செத்தாலும் காசு உண்டு. வந்திறங்கினதும் அதை 40 நாள் லாயத்துல கயிறும் முளையும் போட்டுக் கட்டி வெச்சு, வறுத்த தானியம், வெண்ணெய், காய்ச்சின பசும்பால்னு ஊட்டி கொழுக்க வைப்பாங்களாம். பழக்கறது கிடையாது. அப்புறம் திடீர்னு ஒரு நாள் அங்கவடி கூட இல்லாம வீரர்கள் மேல ஏறி பேய் மாதிரி ஓட்டுவாங்களாம். கொஞ்ச நாள்ல குதிரை ஒண்ணுத்துக்கும் உதவாம போயிடும்.

போலோவும் வஸ்ஸாஃபும் வியாபாரிங்க பேச்சைக் கேட்டு எழுதினவங்க, நம்ம ஊரை மட்டம் தட்டுற வாசனை ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு. இந்தியாவுல குதிரை சாஸ்திரமே இல்லைன்னு நினைச்சுக்காதீங்க. நகுலன் பேரால ஒரு அசுவசாஸ்திரம் இருக்கு. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் அதை 1952-ல அச்சுப் போட்டது. ஆனா சுவடியில இருக்கிறது வேற, லாயத்துல சாணி அள்ளுறவனுக்குத் தெரிஞ்சிருக்கிறது வேற.

வஸ்ஸாஃப் சொன்னதை இன்றைய கால்நடை அறிவோட வெச்சுப் பார்த்தா ஒண்ணு புரியும். தப்பு நடந்தது அந்த 40 நாள்ல. குதிரை நாள் முழுக்க நடந்துக்கிட்டே புல்லு மேயுற ஜீவன். அதால வாந்தி எடுக்க முடியாது, அதனால வயித்துல கோளாறுன்னா அது உயிர்ப் பிரச்னை. தானியம் அளவு மீறினா குளம்புக்குள்ள வீங்கி நிக்கவே முடியாமப் போகும். ஓய்வுல வெச்சு வயிறு நிறைய தானியம் போட்டுட்டு திடீர்னு வேலை வாங்கினா தசை இறுகிப் பிடிச்சுக்கும். ஐரோப்பாவுல இதுக்கு 'திங்கட்கிழமை நோய்'னே பேரு. ஞாயிறு லீவு, திங்கள் வண்டியில பூட்டினதும் குதிரை படுத்துடும். (நமக்கும் இருக்கு, வேற மாதிரி.) இன்னொண்ணு, குதிரை வியர்வையில மனுஷ வியர்வையை விட உப்பு அதிகம். நம்ம வெயில்ல ஓடற குதிரைக்குக் கட்டாயம் உப்பு வேணும், அது இந்தக் கரையில கொட்டிக் கிடக்கு.

மேல உக்கார்றவன் கதி? அடைபட்டு, கொழுத்து, பழக்கப்படாத குதிரையை விட ஆபத்தானது எதுவும் இல்லை. வஸ்ஸாஃப் கணக்குல செத்த குதிரை வருது, விழுந்த வீரன் வரலை. எத்தனை பேர் இடுப்பு ஒடிஞ்சு கிடந்தாங்களோ!

மரக்காணத்துலேருந்து திண்டிவனம் வழியா மேற்கே போனா செஞ்சி. தேசிங்கு ராஜா கதை தெரியாதவங்க இருக்க முடியாது. டில்லி பாதுஷாவோட முரட்டுக் குதிரையை அப்பாவால அடக்க முடியலை, ஜெயில்ல போட்டுட்டாங்க; பையன் போய் ஏறி அடக்கிக் காட்டினான். 1714-ல ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் படையோட மோதிச் செத்தப்போ தேசிங்குக்கு வயசு 22. அந்த வீரத்தைக் குறை சொல்ல நான் யாரு. ஆனா கதை நமக்கு என்ன பழக்கிடுச்சுன்னா, குதிரைன்னா அடக்கணும், மல்லுக்கட்டணும். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத் தூண்கள்ல எல்லாக் குதிரையும் முன்னங்காலைத் தூக்கிட்டுதான் நிக்குது. சிற்பம் பிரமாதம். நிஜத்துல அப்படி நிமிர்ந்த குதிரை பின்னால மல்லாந்தா ஏறினவன் கூழ்.

அலெக்சாண்டர் கதையைப் பாருங்க. புளூடார்க் சொல்றபடி ப்யூசிஃபாலஸ் தன் நிழலைப் பார்த்துதான் மிரண்டது. பையன் அதைச் சூரியனைப் பார்க்கத் திருப்பி நிறுத்திட்டு அப்புறம் ஏறினான். சுமார் 2400 வருஷத்துக்கு முன்னாடி கிரேக்கன் செனஃபோன் குதிரைக்குன்னே ஒரு நூல் எழுதினான். கோபத்தோட குதிரைகிட்ட போகாதே, தேய்ச்சு விடும்போது முன்னாடியும் நிக்காதே பின்னாடியும் நிக்காதே, தோள் பக்கம் நில்லுன்னு அதுல இருக்கு. காரணம் எளிசு. கண்ணு ரெண்டு பக்கவாட்டுல இருக்கு, மூக்குக்கு நேர் எதிரேயும் வாலுக்கு நேர் பின்னாலயும் அதுக்குத் தெரியாது. தெரியாத இடத்துல ஏதோ அசைஞ்சா உதைக்கும்.

இன்னிக்கும் அதேதான் சட்டம். குரல் கொடுத்துட்டு தோள் பக்கமா போங்க. கயிற்றைக் கையில சுத்திக்காதீங்க, மிரண்டு ஓடினா விரலோட போகும். அங்கவடியில முன்பாதம் மட்டும் இருக்கட்டும், குதிகால் கீழே. செருப்பு வேண்டாம், கால் உள்ளே போய் மாட்டினா இழுத்துட்டுப் போயிடும். ஹெல்மெட் போட்டாலும் போதாத நேரம் உண்டு: சூப்பர்மேன் கிறிஸ்டோபர் ரீவ் 1995-ல போட்டிருந்தார், கழுத்து ஒடிஞ்சுது. அதுக்காகப் போடாம ஏறாதீங்க. கடற்கரையில குழந்தையைச் சவாரிக்கு ஏத்தினா, அங்கவடி குழந்தை காலுக்கு எட்டுதா, சேணத்துப் பட்டை இறுக்கமா இருக்கானு பார்த்துட்டு ஏத்துங்க.

திருவிளையாடல்ல நரி பரியான கதையில ஒரு சங்கதி வருது. குதிரை விக்கிறப்போ கயிறு மாத்திக் கொடுப்பாங்க. கயிறு கை மாறிட்டா அப்புறம் என்ன ஆனாலும் வாங்கினவன் பாடு. ராத்திரியே எல்லாம் நரியாயிடுச்சு, பாண்டியனால ஒண்ணும் கேக்க முடியலை! அந்தியூர் குருநாதசுவாமி திருவிழாவுல இப்பவும் குதிரைச் சந்தை கூடுது. அந்தப் பக்கத்துப் பதிவர்கள் யாராவது இருந்தா, கயிறு மாத்துற வழக்கம் இன்னும் இருக்கானு பின்னூட்டத்துல சொல்லுங்களேன்.