டானிக் கொடுத்த தைரியம்

ரெண்டு பெக் உள்ளே போனால்தான் வாயே திறக்கும் என்று சொல்லும் ஆள் எல்லா நண்பர் கூட்டத்திலும் ஒருவராவது இருப்பார். இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்று பார்க்க அமெரிக்க உளவியலாளர்கள் 1970களில் நிறையவே மெனக்கெட்டார்கள்.

அங்கே கல்லூரிக்கும் மதுவுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஹார்வர்டின் முதல் தலைவர் நதானியேல் ஈட்டன் 1639இல் பதவி இழந்தார். அப்போது எழுந்த புகார்களில், மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பீர் ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்பதும் ஒன்று!

1973இல் உளவியலாளர்கள் ஆலன் மார்லட்டும் ரேமண்ட் ஹிக்கின்ஸும் ஒரு சோதனை செய்தார்கள். உங்களுக்கு ஷாக் கொடுக்கப்போகிறோம் என்று சிலரைப் பயமுறுத்திவிட்டு, பானங்களைச் சுவைத்து மதிப்பிடச் சொன்னார்கள். மதிப்பீடு சும்மா ஒரு சாக்கு. எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதே கணக்கு. பயந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குடிக்கவில்லை. 1975இல் பயத்தை மட்டும் மாற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் பெண்கள் சிலர் உங்களை எடைபோடப் போகிறார்கள் என்று ஆண்களிடம் சொல்லி, ஒயினை முன்னால் வைத்தார்கள். இம்முறை கிளாஸ் வேகமாகவே காலியானது. கரண்டுக்கு அசையாத ஆண்பிள்ளை, பெண்கள் போடும் மார்க்குக்கு ஆடிப்போனான்.

குடித்ததால் அந்தக் கூச்சம் போனதா? 1977இல் டேவிட் ஏப்ரம்ஸ், டெரன்ஸ் வில்சன் இருவரும் ஆண்கள் சிலருக்கு வோட்கா கலந்த டானிக்கும் மற்றவர்களுக்கு வெறும் டானிக்கும் கொடுத்தார்கள். (மருந்துக்கடை டானிக் இல்லை, கசக்கும் சோடா.) கிளாஸில் இருப்பது எதுவானாலும், பாதிப்பேரிடம் வோட்கா என்றும் மீதிப்பேரிடம் சோடா என்றும் சொன்னார்கள். பிறகு முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் நல்ல பேர் வாங்கச் சொல்லி, இதயத் துடிப்பை அளந்தார்கள். குடித்திருக்கிறோம் என்று நம்பியவர்களுக்குப் படபடப்பு குறைந்திருந்தது. உள்ளே போனது வெறும் சோடாவாக இருந்தாலும் சரி.

பெண்களை வைத்து 1979இல் அதையே செய்தபோது முடிவு தலைகீழ். குடித்திருக்கிறோம் என்று நம்பிய பெண்களுக்குப் படபடப்பு கூடியது. குடித்த பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன?

இளைஞர்களின் குடியைக் கட்டுப்படுத்த அரசு வேறு வழியில் போனது. 1984இல் வந்த சட்டத்தின் அழுத்தத்தால், மது வாங்கும் வயது நாடு முழுக்க 21 ஆனது. அப்படியும் 1993இல் ஹார்வர்டின் ஹென்றி வெக்ஸ்லர் 140 கல்லூரிகளில் கணக்கெடுத்தபோது, 44 சதவீத மாணவர்கள் ஒரே மூச்சில் அளவுமீறிக் குடிப்பவர்களாக இருந்தார்கள்.

அதே 1993இல் ஜாக் டார்க்ஸ், மார்க் கோல்ட்மேன் இருவரும் அந்தப் பழைய டானிக் தந்திரத்தை வைத்தியமாக்கினார்கள். குடிக்கும் மாணவர்களைக் கூட்டமாக உட்கார வைத்து, சிலருக்கு மதுவும் சிலருக்கு மது இல்லாத பானமும் ஊற்றி, சிரிக்கப் பேச விட்டார்கள். கடைசியில் உண்மையில் குடித்தவர் யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னால், பலரும் தப்பாகவே காட்டினார்கள். தங்கள் கலகலப்பு பாட்டிலில் இருந்து வரவில்லை என்று கண்ணால் பார்த்த இளைஞர்கள், பிறகு குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

சியாட்டிலில் மார்லட்டும் அவருடைய குழுவினரும் திட்டாமல், உபதேசம் செய்யாமல், மாணவரோடு தனியே இரண்டு முறை உட்கார்ந்து பேசும் முறையை வளர்த்தார்கள். அது 1999இல் புத்தகமாகவும் வந்தது.

2002இல் அமெரிக்க அரசின் மது ஆய்வு நிறுவனம் தடுப்பு முறைகளைத் தரம் பிரித்தது. இந்த இரண்டு முறைகளுக்கும் முதல் வரிசையில் இடம் கிடைத்தது. குடியின் கேடுகளை மட்டும் எடுத்துச் சொல்லும் வகுப்புகள் பலன் தராதவை என்று கடைசி வரிசைக்குப் போயின.