புளூரைடை வென்ற படிகாரம்

கிணற்று நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கிறது, குடித்தால் இனிக்கிறது. ஆகவே அது நல்ல நீர்தான் என்று சொல்லிவிடலாமா? கூடாது என்பதை நமக்குக் கற்பித்தது நெல்லூர் மாவட்டம்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த அம்மாவட்டத்தின் சில சிற்றூர்களில் மக்களின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. பலருக்கு முதுகெலும்பு விறைத்து, குனியவும் நிமிரவும் முடியாமற்போயிற்று. குடிநீரிலுள்ள புளூரைடே இதற்குக் காரணம் என்று கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட் முதலியோர் 1937-இல் எடுத்துக்காட்டினர்.

இந்தப் புளூரைடை எந்தத் தொழிற்சாலையும் நீரில் கலக்கவில்லை. பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து அது சிறிது சிறிதாக நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கொதிக்க வைத்தால் போய்விடாதா என்று நீங்கள் கேட்கலாம். போகாது, நீர்தான் ஆவியாகும், எஞ்சிய நீரில் புளூரைடின் செறிவு கூடவே செய்யும்!

இதற்கு எளிய வழியொன்றை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1975-இல் வெளியிட்டது. இந்நோயால் பெரிதும் வாடிய நல்கொண்டா மாவட்டத்தின் பெயரே அம்முறைக்கு இடப்பட்டது. அதற்கு வேண்டியவை சுண்ணாம்பு, படிகாரம், பிளீச்சிங் பவுடர் ஆகிய மூன்றே. நீரில் படிகாரம் கரைந்ததும் அலுமினியம் ஹைட்ராக்சைடு பஞ்சுத் துகள்களாகத் திரளும். புளூரைடு அவற்றில் ஒட்டிக்கொண்டு அடியில் படியும். படிகாரத்தால் உண்டாகும் அமிலத்தன்மையைச் சுண்ணாம்பு சமன் செய்யும். பிளீச்சிங் பவுடர் கிருமிகளைக் கொல்லும். வீட்டு வாளியிலேயே இதைச் செய்யலாம். பத்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்துக்கொள்ளவேண்டும்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. நீரின் புளூரைடு அளவையும் காரத்தன்மையையும் பொறுத்தே படிகாரத்தின் அளவு அமையும். குறைந்தால் புளூரைடு எஞ்சும். மிகுந்தால் அலுமினியம் நீரில் தங்கிவிடும். நாள்தோறும் அளந்து போடவும், படிந்த சேற்றை அகற்றவும் ஆள் வேண்டும். ஆகவேதான் பல இடங்களில் ஆற்று நீரைக் கொண்டுவரும் வழி நாடப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் காவிரி நீர் 2013-இல் வந்தது இவ்வாறே.

புளூரைடால் வளைந்த எலும்பை மீண்டும் நிமிர்த்தும் மருந்து கிடையாது. உங்கள் ஊரில் புதிய ஆழ்துளைக் கிணறு தோண்டினால் அதன் நீரை முதலில் சோதனைச்சாலைக்கு அனுப்புங்கள். குழந்தைகள் குடிப்பது அதன் பின்னர் ஆகட்டும்.