மணலையும் இம்ராகென் மக்களும்

மட்டக்களப்பு வாவி மணலையை நாம் அறிவோம். அதே மீன் ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு சமூகத்தையே வாழவைத்திருக்கிறது. மொரிட்டானியாவின் இம்ராகென்கள், அரபு பேசும் முஸ்லிம்கள், பாலைவனம் கடலைத் தொடும் இடத்தில் குடியிருப்பவர்கள்.

முன்பு அவர்கள் பெரும்பாலும் கடலில் இறங்கி நின்றே மீன் பிடித்தார்கள். மணலைக் கூட்டம் கரையோரமாக நகரும் காலத்தில் ஆண்கள் தோளில் வலையோடு காத்திருப்பார்கள். கூட்டம் தெரிந்ததும் ஒருவர் தடியால் தண்ணீரை ஓங்கி அடிப்பார். சத்தம் கேட்டு டொல்பின்கள் வரும். வெளிக்கடல் பக்கம் அவை மறிக்கும், கரைப்பக்கம் வலை மறிக்கும். நடுவில் அகப்பட்ட மீன் இரு தரப்புக்கும் உணவு. இத்தனைக்கும் அந்த டொல்பின்களை யாரும் வளர்க்கவில்லை!

கரைக்கு வந்த மீன் பெண்களின் பொறுப்பு. சதை காய்ந்து 'திஷ்தார்' ஆகும், தலையில் எண்ணெய் எடுப்பார்கள், சினையை உப்பிட்டுக் காயவைப்பார்கள். எகிப்தியர் அந்தச் சினையைப் 'பதாரிக்' என்பார்கள். பிரெஞ்சுப் பெயரும் அந்த அரபுச் சொல்லிலிருந்து போனதுதான்.

1976இல் அந்தக் கடல் பாங் தார்கென் தேசியப் பூங்காவானது. 1989இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே இயந்திரப் படகு கூடாது, இம்ராகென்களின் பாய்மர வள்ளங்களுக்கே இடம். நல்ல சட்டம்தான். ஆனால் மணலை ஓரிடத்தில் நிற்கும் மீனல்ல. பூங்காவைத் தாண்டியதும் இயந்திரப் படகுகள் சினைக்காகவே அதைப் பிடிக்கின்றன, சினை ஐரோப்பாவுக்குப் போகிறது. முட்டையிடப் போகும் மீனை வழியில் பிடித்தால் அடுத்த வருடங்களில் எது வரும்? தோள்வலையோடு கடலில் இறங்குவோரும் அங்கே அருகிவிட்டார்கள்.