புடைச்சவ்வும் நீலத் தூசியும்

நாம் விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு மெல்லிய சவ்வுகள் துணை நிற்கின்றன. ஒன்று சுவாசப்பையின் மேற்பரப்போடு ஒட்டியிருக்கிறது. மற்றையது நெஞ்சறைச் சுவரின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்தே புடைச்சவ்வு என்கிறோம். இடையில் உள்ள சிறிதளவு திரவம், அவை உராயாது வழுக்கிச் செல்ல உதவுகிறது. அவ்விடைவெளியின் அமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்திலும் குறைந்தது. எனவே நெஞ்சு விரியும்போது சுவாசப்பையும் உடன் விரிகிறது. அங்கே காற்றுப் புகுந்தாலோ சுவாசப்பை சுருங்கிவிடும்.

இத்துணை மென்மையான உறையின் மீது சுரண்டலின் சரித்திரமும் எழுதப்பட்டிருக்கிறது. தென்னாபிரிக்காவின் கிம்பர்லி நகரிலே, 1950களில், நெஞ்சில் நீர் கோத்த நோயாளர் சிலர் காசநோயாளர் எனக் கருதப்பட்டுச் சிகிச்சை பெற்றனர். காசநோய் மருந்துகள் அவர்களைக் குணப்படுத்தவில்லை. ஸ்லெக்ஸ் என்ற வைத்தியரும், மார்ச்சாண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும், வாக்னர் என்ற நோயியலாளரும் ஆராய்ந்தபோது, அது புடைச்சவ்விலே தோன்றும் கொடிய புற்றுநோய் என்பது புலனாயிற்று. அப்படியொரு நோய் உண்டா என்றே அக்காலத்து அறிஞர் பலர் ஐயுற்றிருந்தனர்.

நோயாளர் எங்கே பிறந்தனர், எங்கே வாழ்ந்தனர் என்று மூவரும் தேடினர். நீலக் கல்நார் எடுக்கப்படும் வடமேற்குக் கேப் மாகாண மலைப்பகுதியை நோக்கியே அத்தேடல் சென்றது. 1960இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் இடம்பெற்ற 33 பேருள் ஒருவர் தவிர ஏனையோர்க்குக் கல்நார்த் தூசியோடு தொடர்பிருந்தது. அவர்கள் எல்லோரும் சுரங்கத் தொழிலாளரல்லர். சுரங்கத்துக்கு அருகே குழந்தைப் பருவத்தைக் கழித்தமையே சிலருடைய குற்றம்! ஊசி போன்ற அந்நார்களை உடல் கரைக்க வல்லதன்று. அவை சுவாசப்பையைக் கடந்து புடைச்சவ்வை அடைந்தபின், நோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகளும் செல்லலாம்.

அறியாமையால் நேர்ந்த அவலம் இது என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. புற்றுநோய்த் தொடர்பு பின்னரே துலங்கியதாயினும், கல்நார்த் தூசி சுவாசப்பையைக் கெடுக்கும் என்பது 1930ஆம் ஆண்டின் ஆய்வறிக்கையாலேயே பிரித்தானியாவில் தெளிவாகியிருந்தது. 1931இல் அங்குள்ள தொழிற்சாலைகளுக்குத் தூசிக் கட்டுப்பாட்டு விதிகளும் பிறந்தன. ஆனால் அதற்குப் பின்னரும், 1893இல் லண்டனில் தோன்றிய கேப் கம்பனி தொழில் நடத்திய அம்மலைகளிலே கறுப்பினப் பெண்களும் சிறுவரும் சுத்தியலால் பாறையுடைத்து நாரைப் பிரித்துக்கொண்டிருந்தனர். ஆண்டவனின் தேசத்து நெஞ்சுக்கு ஒரு விதி. ஆளப்பட்டவனின் நெஞ்சுக்கு வேறு விதி.

பாதிக்கப்பட்டோர் இங்கிலாந்திலேயே வழக்காடலாம் எனப் பிரபுக்கள் சபை 2000இல் தீர்ப்பளித்தது. 2003இல் 7,500 பேரளவிலானோருக்கென எழுபத்தைந்து இலட்சம் பவுண் இழப்பீட்டுக்குக் கம்பனி இணங்கிற்று. தலைக்கு ஏறத்தாழ ஆயிரம் பவுண். அதற்குள் வழக்காளிகள் பலர் மாண்டுபோயினர். தென்னாபிரிக்கா 2008இல் கல்நாரைத் தடைசெய்தது.

நம் நாட்டுக் கூரைகள் பலவற்றில் இன்றும் இருப்பது வெள்ளைக் கல்நார். அதுவும் புற்றுநோய் விளைக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. அத்தகடுகளை அறுப்பவரும் உடைப்பவரும் பெரும்பாலும் நாட்கூலித் தொழிலாளரே. வகுப்பறையில் புடைச்சவ்வின் படத்தை வரைந்து காட்டும் ஆசிரியர், அந்தத் தொழிலாளியின் நெஞ்சைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.