கஞ்சாப் பயன்பாட்டு விகிதங்களை ஒப்பிடுதல்: இந்திய வரலாறு உணர்த்துவன

முன்னுரை

ஐக்கிய நாடுகள் அமைப்பின் மதிப்பீட்டின்படி 2022ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 228 மில்லியன் மக்கள் கஞ்சாவைப் பயன்படுத்தினர். இத்தகைய மதிப்பீடுகளை அடிப்படையாகக் கொண்டு நாடுகளை வரிசைப்படுத்துவதும், அவ்வரிசையிலிருந்து ஒரு சட்டம் வென்றது, மற்றொன்று தோற்றது என்று முடிவு கட்டுவதும் வழக்கமாகிவிட்டன. இவ்விகிதங்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதை இந்திய வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கணக்கெடுப்பு

பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழுந்த வினாவைத் தொடர்ந்து, 1893ஆம் ஆண்டில் இந்தியக் கஞ்சா ஆணையம் அமைக்கப்பட்டது. மேக்வொர்த் யங் தலைமையிலான இக்குழுவின் ஏழு உறுப்பினர்களுள் மூவர் இந்தியர். 1,193 பேரிடம் சான்று பெற்று, 1894இல் ஆணையம் தன் அறிக்கையை அளித்தது.

ஒரே செடியிலிருந்து மூன்று பொருள்கள் கிடைக்கின்றன. பூந்தலை கஞ்சா எனவும், பிசின் சரஸ் எனவும், இலை பாங்கு எனவும் வழங்கும். வங்காளத்தில் நவகாவ்ன் வட்டாரத்தில் உரிமம் பெற்றோர் மட்டுமே கஞ்சா பயிரிட்டனர். விளைச்சல் அரசின் கண்காணிப்பில் கிடங்கில் வைக்கப்பட்டு, எடைக்கேற்ப வரி விதிக்கப்பட்டது. ஆதலால் அங்கு விற்பனையான கஞ்சாவின் அளவு ஏடுகளில் பதிவாயிற்று. இமயமலை அடிவாரப் பகுதிகளிலோ செடி காடாக வளர்ந்தது. மக்கள் தாமே பறித்துப் பயன்படுத்திய பாங்கு எந்த வரிக் கணக்கிலும் இடம்பெறவில்லை. இவ்விரு பகுதிகளையும் வரி ஏடுகளைக் கொண்டு ஒப்பிட்டால், நாம் காண்பது பயன்பாட்டின் வேறுபாட்டை அன்று. நிருவாகத்தின் வேறுபாட்டையே ஆகும்.

மனநோய் மருத்துவமனைப் பதிவுகளிலும் இதே சிக்கல் இருந்தது. கஞ்சாவால் மனநோய்க்கு ஆளானோர் மிகப் பலர் என்ற கருத்து அக்காலத்தில் நிலவியது. 1892இல் சேர்க்கப்பட்ட 1,344 பேரின் பதிவுகளை ஆணையம் மீண்டும் ஆராய்ந்தது. கஞ்சா ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று கொள்ளத்தக்கவர்கள் 98 பேர். அதுவே தனிக் காரணம் என்று கொள்ளத்தக்கவர்கள் 61 பேர் மட்டுமே. நோயாளியை அழைத்துவந்த காவலர் எழுதிய காரணமே பலமுறை மருத்துவப் பதிவாக மாறியிருந்தது. மனிதர்களின் வாழ்வைத் தீர்மானித்த அப்பதிவுகளுக்குச் சரியான ஆதாரம் இல்லாதிருந்ததை நாம் இங்குக் கருத வேண்டும்.

இன்றைய விகிதங்கள்

1961ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை, பூந்தலை சேராத இலையைக் கஞ்சா என்னும் வரையறையிலிருந்து விலக்கியது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே செய்தது. எனவே உத்தரப் பிரதேசம் போன்ற சில மாநிலங்களில் உரிமம் பெற்ற கடைகளிலேயே பாங்கு விற்கப்படுகிறது.

இந்திய அரசு 2019இல் வெளியிட்ட ஆய்வுக்காக 4,73,569 பேர் வீடுதோறும் வினவப்பட்டனர். ஆய்வுக்கு முந்தைய ஓராண்டில் 2.8 விழுக்காட்டினர் இச்செடியின் ஏதேனும் ஒரு பொருளைப் பயன்படுத்தியிருந்தனர். பாங்கு பயன்படுத்தியோர் 2 விழுக்காட்டினர். சட்டம் தடைசெய்த கஞ்சாவையோ சரஸையோ பயன்படுத்தியோர் 1.2 விழுக்காட்டினர். பாங்கைச் சேர்ப்பதா, விடுப்பதா என்ற ஒரு முடிவே இந்தியாவின் விகிதத்தை இரு மடங்குக்கு மேல் மாற்றிவிடுகிறது.

அடுத்து, வயது வரம்பை நோக்குவோம். இந்திய ஆய்வு 10 முதல் 75 வயது வரையிலானவர்களை உள்ளடக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 15 முதல் 64 வயதினருள் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் கஞ்சா பயன்படுத்தியதாக 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அமெரிக்காவில் 2022இல் 12 வயதும் அதற்கு மேலும் ஆனோருள் 22 விழுக்காட்டினர் அவ்வாறு கூறினர். பயன்பாடு பெரிதும் இளைஞரிடையே மிகுந்திருப்பதால், சிறுவரையும் முதியோரையும் சேர்க்கும்போது விகிதம் தாழ்கிறது. மூன்றுக்குமிடையே உண்மையான வேறுபாடு இருப்பதை நாம் மறுக்கவில்லை. அதன் அளவை இவ்வெண்களை நேரடியாகக் கழித்துப் பெற இயலாது என்பதே நம் கருத்து.

மூன்றாவது, வினவப்படுவோரின் அச்சம். கனடா 2018 அக்டோபரில் கஞ்சாவைச் சட்டமுறையாக்கியது. அதற்குச் சற்று முன்னர் நடந்த ஆய்வில் 22 விழுக்காடாக இருந்த விகிதம், 2023இல் 26 விழுக்காடாக உயர்ந்தது. இவ்வுயர்வில் புதிய பயன்பாடு எவ்வளவு, தண்டனை அச்சம் நீங்கியதால் வெளிப்பட்ட ஒப்புதல் எவ்வளவு என்பதை அவ்வெண்கள் பிரித்துக் காட்டுவதில்லை. கடுந்தண்டனை உள்ள நாடுகளில் பெறப்படும் குறைந்த விகிதங்களையும் இதே கண்கொண்டு நோக்குதல் வேண்டும்.

முடிவுரை

எப்பொருள் எண்ணப்பட்டது, எவ்வயதினர் வினவப்பட்டனர், உண்மை கூறியவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை காணாமல் இரு நாடுகளை ஒப்பிடுதல் தகாது. ஒரே நாட்டில், ஒரே முறையில், பல ஆண்டுகள் தொடர்ந்து எடுக்கப்படும் கணக்கே அந்நாட்டின் மாற்றத்தை ஓரளவு நம்பத்தக்க வகையில் காட்டும். சிறைத் தண்டனையையும் சிகிச்சையையும் வகுக்கும் சட்டங்கள் இவ்விகிதங்களைச் சான்றாகக் கொள்கின்றன. ஆதலால், 1894இல் ஆணையம் மருத்துவமனைப் பதிவேடுகளை மீண்டும் திறந்து பார்த்ததைப்போல், இன்றைய எண்களின் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே அவற்றை ஏற்பது ஆய்வாளர்களாகிய நம் கடமையாகும்.